அக்கா பக்கத்துச் சுவர்

நாமக்கல்லில் சுகுணா வீட்டுச் சுவரில் முட்டை காய்க்க ஆரம்பித்தபோது ஊர்க்காரர்கள் முதலில் கேட்டது எப்படி என்று அல்ல, என்ன சைஸ் என்றுதான். வேறு ஊராக இருந்தால் சூடம் கொளுத்தி, உண்டியல் வைத்து, செருப்பு விட ஓர் இடமும் ஒதுக்கியிருப்பார்கள். வீட்டுக்கு ஒருவர் கோழிப்பண்ணையிலோ தீவன ஆலையிலோ முட்டை லாரியிலோ பிழைக்கும் ஊரில், ஒரு முட்டை எங்கிருந்து வந்தது என்பதைவிட அது உடையாமல் எங்கே போய்ச் சேரும் என்பதுதான் விஷயம்.

சுகுணாவின் முகம் தெரியாதவர்கள் அந்த ஊரில் ஏராளம், குரல் தெரியாதவர்கள் கிடையாது. பேருந்து நிலையத்தில் ராசிபுரம் செல்லும் பயணிகளை அழைப்பது அவள்தான். ஆடித் தள்ளுபடியை ஆட்டோவில் கட்டிய குழாய் வழியாகத் தெருத்தெருவாகக் கொண்டுபோவது அவள்தான். தேர்த் திருவிழாவில் சிவப்புச் சட்டை போட்ட குழந்தை உதவி மையத்தில் அழுதுகொண்டிருக்கிறது என்று அறிவிப்பதும் அவள்தான், அந்தக் குழந்தை அழாமல் ஐஸ் தின்றுகொண்டிருந்தாலும். இத்தனை வருஷமாக அவள் படித்த வாக்கியங்கள் எல்லாம் ஒரு விலையிலோ ஒரு நடைமேடையிலோ போய் முடிந்தன. ஒரு பக்கம் தொடங்கி மறுபக்கம் வரை மூச்சு வாங்கிக்கொண்டு போகிற வாக்கியம் ஒன்றை ஒருமுறையாவது படித்துப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அதனால், புத்தகங்களை ஒலியாக்கி விற்கும் சென்னை நிறுவனம் ஒன்று, தலையணை தடிமனுள்ள நாவலுக்குக் குரல் தேடுவதாகச் சொல்லி, மாதிரி ஒன்றைப் பதிவுசெய்து அனுப்பும்படி கேட்டபோது, அவள் அன்று இரவு சாப்பிட மறந்தாள்.

அனுப்பினாள். அங்கே ஒலிப்பதிவைக் கவனிக்கும் ஜெரோம் ஃபோனில் வந்தார்.

"மேடம், குரல் தங்கம். ஆனா நீங்க பேசி முடிச்சதும் உங்க ரூம் பேச ஆரம்பிக்குது. நாலு சுவரும் ஆளுக்கொரு தடவை திருப்பிச் சொல்லுது. கூடவே பின்னாடி ஏதோ உறுமுது."

இங்கே கொஞ்சம் நிறுத்தி ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இதை உலகம் முழுக்கத் தப்பாகத்தான் புரிந்துவைத்திருக்கிறார்கள். ஓர் அறைக்கு இரண்டு நோய் உண்டு. உள்ளே எழுந்த ஒலி வெளியே போக வழி தெரியாமல் சுவருக்குச் சுவர் முட்டிக்கொண்டு அலைவது ஒன்று. வெளியே எழுந்த ஒலி சுவரை மதிக்காமல் உள்ளே வருவது இன்னொன்று. முன்னதற்கு மருந்து மெத்தென்ற தடித்த பலகைகளும் கரடுமுரடான பரப்புகளும். பின்னதற்கு மருந்து கனம், இடைவெளி, பொறுமை. முட்டை அட்டை இந்த இரண்டுக்கும் பெரிதாக எதுவும் செய்யாது. ஆனாலும் பூமியில் எங்கெல்லாம் ஒருவர் வீட்டின் பின்னறையில் மைக் வைக்கிறாரோ, அங்கெல்லாம் அவருடைய மச்சான் ஒருவர் வந்து, சுவர் பூரா முட்டை அட்டை ஒட்டு, அப்புறம் பார், என்று சொல்வார்.

சுகுணாவுக்கு மச்சான் கிடையாது, கணவன் செல்லமுத்து உண்டு. லாரிகளுக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் தச்சர். பேசக் கூலி கொடுத்தாலும் பேசாத மனிதர். அவர் முட்டை அட்டை என்ற இரண்டு சொல்லைச் செலவழித்தார், மறுநாள் வண்டி நிறையக் கொண்டுவந்து இறக்கினார். வேடிக்கை என்னவென்றால் அவற்றை ஊரின் அடுத்த கோடியில் இருந்து வாங்கி வந்தார். சுகுணாவின் பின்னறைச் சுவருக்கு அந்தப்புறமே ஒரு முட்டை மண்டி, உள்ளே கூரை தொடும் உயரத்துக்கு வெறும் அட்டைகள், மண்டிக்காரி பரிமளம் சுகுணாவின் கூடப்பிறந்த அக்கா.

அக்காவும் தங்கையும் பேசிக்கொள்வதில்லை. அவர்களுடைய அம்மா படுக்கையில் கிடந்த காலம் முழுக்கத் தூக்கிப் புரட்டித் துடைத்துப் பார்த்துக்கொண்டவள் பரிமளம். காரியத்தன்று, குரல் உள்ளவள் என்பதால், மைக்கைச் சுகுணா கையில் கொடுத்தார்கள். அவளும் டாக்டருக்கு நன்றி சொன்னாள், நர்ஸுக்குச் சொன்னாள், பந்தல்காரருக்கும் சமையல்காரருக்கும் சொன்னாள், தண்ணீர் லாரி அனுப்பியவருக்குக்கூடச் சொன்னாள். அக்கா பெயரைச் சொல்லவில்லை. மறந்து அல்ல, வீட்டு ஆளுக்கு யாராவது மைக்கில் நன்றி சொல்வார்களா? பரிமளம் பந்தலின் கடைசியில் வாழை இலைக் கட்டைப் பிடித்தபடி நின்று, எல்லாப் பெயரையும் கடைசி வரை கேட்டாள். அன்றிலிருந்து பேச்சு நின்றது. அவளாகக் கேட்டால் சொல்லலாம் என்று இவளும், இவளாகச் சொல்லட்டும் என்று அவளும், ஒரு செங்கல் கனத்துக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமுமாக, பத்துப் பன்னிரண்டு வருஷத்தை ஓட்டிவிட்டார்கள்.

சுகுணாவிடம் ஒரு வழக்கம் மட்டும் இருந்தது. மைக்கைச் சோதிக்கும்போது எல்லோரும் ஒன்று, இரண்டு, மூன்று என்பார்கள். அவள் அக்கா பக்கத்துச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, "அக்கா, இன்னைக்கு வெயில் சாஸ்தி. அக்கா, சாப்டியா. அக்கா, முழங்கால் வலி தேவலையா," என்பாள். அது சோதனைதானே, பேச்சில் சேராது.

முதல் முட்டை வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். செல்லமுத்து முக்காலியில் ஏறிக் கடைசி அட்டையை அறைந்துவிட்டு, வாயில் இருந்த ஆணியைக் கையில் எடுத்தார். நாலு பக்கமும் மூடி அறை அடக்கமாக இருந்ததாலோ என்னவோ, அவருக்குப் பேசத் தோன்றியது.

"நீ வெக்கிற ரசத்துல எப்பவும் உப்பு கம்மி."

"எப்ப இருந்து?"

"கண்ணாலத்துல இருந்து."

சுகுணாவின் தலைக்குப் பின்னால் டொப்பென்று ஒரு சத்தம். அட்டைக் குழியில் வாத்து முட்டையைவிடப் பெரிதாக, வெள்ளையாக, இளஞ்சூட்டோடு ஒரு முட்டை. செங்குத்தான சுவரில் அது விழாமல் உட்கார்ந்திருந்தது. செல்லமுத்து இறங்கி வந்து, கையில் எடுத்து எடை பார்த்து, "நல்ல முட்டை," என்றார். அந்தப் பேச்சுக்கு முட்டை ஒன்றும் வரவில்லை. அன்று மத்தியானம் அதை ஆம்லெட் போட்டுச் சாப்பிட்டார்கள். ருசியில் வித்தியாசம் கிடையாது. ரசத்தில் அவள் ஒரு கை உப்பை அள்ளிப் போட்டாள், அவரும் முகம் சுளிக்காமல் குடித்தார்.

எதிர்வீட்டுத் திலகாவிடம் சொன்னது தப்பு, அல்லது சரி. திலகா காலை முதல் இருட்டும் வரை நாக்கு உலராமல் பேசுகிறவள். அறைக்குள் உட்கார்ந்து அரைநாள் பேசினாள், சுண்டைக்காய் அளவில் சில முட்டைகள்தான் வந்தன. அவளுக்கு வருத்தம். பண்ணைகளுக்கு ஊசி போடப் போகும் கால்நடை மருத்துவர் இளவழகன் வந்து, டார்ச் அடித்து உள்ளே பார்த்து, மஞ்சள்கரு இருக்கிறது, ஓட்டில் கீறல் இல்லை, முதல் தரம், என்று அறிவித்தார். பிறகு ஆட்களை ஒவ்வொருவராக உட்காரவைத்துப் பேசச் சொல்லி, பண்ணையில் தீவனம் மாற்றிப் பார்ப்பதுபோல, ஒரு வாரம் கவனித்துவிட்டுத் தெருவைக் கூட்டினார்.

"எவ்வளவு பேசறீங்கங்கறது கணக்கில்லைங்க. எவ்வளவு காலமா அடக்கி வெச்சிருந்தீங்கங்கறதுதான் சைஸு. அப்பப்ப சொல்லித் தீக்கறவங்களுக்குச் சின்னது. உள்ள போட்டுப் பூட்டுனவங்களுக்குப் பெருசு."

"அப்ப நான் வெளிப்படையான ஆளு," என்றாள் திலகா, வருத்தம் தீர்ந்து.

"இன்னொண்ணு. சொல்லு யாருக்கோ, அவங்களுக்குக் கிட்டத்துல எந்த அட்டை இருக்கோ, முட்டை அதுலதான் உக்காருது. துபாய்ல இருக்கற மகனுக்குச் சொன்னா மேக்குச் சுவத்துல. கரூர்ல இருக்கற சம்பந்திக்குன்னா தெக்கால."

அவ்வளவுதான். அதற்குமேல் ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஊருக்குப் புது பஸ் விட்டால் எந்த நேரத்துக்கு என்று கேட்பார்களே தவிர பஸ் ஏன் ஓடுகிறது என்று கேட்பார்களா. மாலையில் வேலை முடிந்து ஆட்கள் வந்தார்கள், வாசலில் செருப்பைக் கழற்றினார்கள், முறை வந்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள், சிலர் ஒரே வாக்கியம் சொல்லிவிட்டு இரண்டு கையாலும் முட்டையைத் தாங்கியபடி வெளியே வந்தார்கள். பெரிய கட்சிக்காரர் ஒருவர் நெடுநேரம் முழங்கினார், கோழிக்குஞ்சுகூட மதிக்காத சைஸில் ஒன்று வந்தது; அவருடைய டிரைவர் கார் சாவியை எடுக்க உள்ளே போனவர், சாவியை எடுத்துக்கொண்டே ஏதோ முணுமுணுத்தார், வந்த முட்டையின் கனம் தாங்காமல் அட்டை விரிசல் விட்டது.

முட்டை யாருக்குச் சொந்தம் என்பதில்தான் கொஞ்சம் சச்சரவு. இடம் கொடுத்தவளுக்கு என்றார்கள் சிலர், வாய் கொடுத்தவனுக்கு என்றார்கள் சிலர். கடைசியில் சொல் யாருக்கோ முட்டையும் அவருக்கே, கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும் என்று முடிவானது. துபாய் மாதிரித் தூரத்துக்குப் போக வேண்டியவையும், கொடுக்கத் தைரியம் வராதவையும் சுவரிலேயே தங்கின. சாப்பிட்டவர்களுக்கு எதுவும் ஆகவில்லை. சுவரில் காய்த்தாலும் முட்டை முட்டையாகவே இருந்தது. ஆனால் சம்பந்தமே இல்லாமல் ஒருவர் ஒற்றை முட்டையோடு வாசலில் வந்து நின்றால், இது எதுக்கு என்று வீட்டுக்காரர் கேட்பார். கேட்டால் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்தக் கோடையில் நாமக்கல்லில் பல வீடுகளில் புதிதாகச் சண்டை மூண்டது, சில வீடுகளில் பழைய சண்டை ஓய்ந்தது. பஸ்ஸில் மடியில் ஒரே ஒரு முட்டையை வைத்துக்கொண்டு யாராவது போனால், கண்டக்டர் ஒன்றும் கேட்காமல் உட்கார இடம் பார்த்துக் கொடுத்தார்.

விளங்காத விஷயம் ஒன்றே ஒன்று இருந்தது. அக்கா பக்கத்துச் சுவரில், சுகுணாவின் நாற்காலிக்கு நேரே, அறையில் ஆளே இல்லாத பொழுதிலும் முட்டைகள் வந்தன. பெரியவை அல்ல, அன்றாடம் ஒன்றிரண்டு, மிதமான சைஸ். இளவழகன் அந்தச் சுவரைப் பார்த்தார், சுகுணாவைப் பார்த்தார், டார்ச்சை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டார். தெருவில் எல்லோருக்கும் தெரிந்ததை எடுத்துச் சொல்லும் வழக்கம் அங்கே கிடையாது. காற்றடித்து வந்திருக்கும் என்றாள் சுகுணா. அவற்றை மட்டும் வேகவைத்து, சமையலறையில் நின்றபடியே, வீணாகக் கூடாதென்று தனியாகத் தின்றாள்.

அவள் பேச்சுக்கு என்று அந்த அறையில் ஒரு முட்டையும் வரவில்லை.

"நாளெல்லாம் மைக் முன்னாடி பேசறீங்க, ஒரு குருவி முட்டை உண்டா? ஏனுங்கக்கா, உங்களுக்குள்ள ஒண்ணுமே இல்லைங்களா?" என்றாள் திலகா.

"நான் படிக்கறது ஊரான் எழுதுனது. அதுக்கெங்க முட்டை வரும்?" என்றாள் சுகுணா. சொல்லிவிட்டு இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

இதற்கிடையில் அவள் இரண்டாவது மாதிரியை அனுப்பினாள். ஜெரோம் அன்றே கூப்பிட்டார்.

"மேடம், எந்த ஆளைக் கூப்பிட்டு ரூம் ரெடி பண்ணீங்க? சுவர் பேசறதை நிறுத்திடுச்சே. என்ன போட்டீங்க?"

"முட்டை அட்டை."

"அது வேலைக்கே ஆகாதே."

"முட்டையோட."

ஜெரோம் யோசித்தார். படித்த மனிதர், வியப்பதைவிட விளக்குவது அவருக்குச் சுலபம். "ஆமா, சரிதான். கனமான வளைஞ்ச பரப்பு, ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசு. சத்தம் பட்டதும் நாலா பக்கமும் சிதறிடும். யாரும் செலவழிச்சு அப்படிப் பண்ண மாட்டாங்க, அதான். ஆனா மேடம், அந்த உறுமல் அப்படியே இருக்கு. எடிட்ல எடுத்தா உங்க குரல் பானைக்குள்ள இருந்து வர்ற மாதிரி ஆயிடுது. வெள்ளிக்கிழமை சாயங்காலத்தோட குரலை முடிவு பண்ணிடுவாங்க. அதுக்குள்ள ஒரு சுத்தமான மாதிரி வேணும்."

உறுமல் என்பது பரிமளத்தின் மண்டியில் இருந்த எக்ஸாஸ்ட் ஃபேன். லாரிச் சக்கரம் அளவு பெரிசு. இராத்திரியில் அது ஓடாது, ஆனால் இராத்திரியில் லாரிகள் வந்து சரக்கு ஏற்றும், ஆட்கள் கத்துவார்கள். விடிந்து லாரிகள் போனதும் வெயில் ஏறும், வெயில் ஏறியதும் ஃபேன் ஓடியாக வேண்டும்; இல்லாவிட்டால் தகரக் கூரைக்கடியில் முட்டைகள் கெட்டுப்போகும். செல்லமுத்து தன்னால் ஆனதெல்லாம் செய்தார். தார்ப்பாய் கட்டினார், லாரி டயரின் ரப்பரை வெட்டி ஒட்டினார், பழைய சுவருக்கு முன்னால் சாண் இடைவெளி விட்டுப் பலகையில் ஒரு பொய்ச்சுவர் எழுப்பி, அதன்மேல் அட்டைகளை முட்டையோடு மாற்றி அறைந்தார். கீச்சுக் குரல்களைத் தடுப்பது எளிது. அடித்தொண்டை ஒலிக்குச் சுவர் என்பது ஒரு திரைச்சீலை மாதிரிதான். உறுமல் எல்லாவற்றையும் கடந்து வந்து சாவகாசமாக உட்கார்ந்தது.

வியாழக்கிழமை ஜெரோமுக்கே பொறுக்கவில்லை. "பக்கத்துல யாருதுங்க அந்த ஃபேன்? ஒரு மணி நேரம் நிறுத்தச் சொல்லுங்களேன். அவ்வளவுதானே?"

"அது ஆவாதுங்க," என்றாள் சுகுணா.

"ஏன், மோசமான ஆளுங்களா?"

"அதெல்லாம் இல்லைங்க."

"நான் போய்ச் சொல்லட்டுமா?" என்று செல்லமுத்து கேட்டார். அவர் தானாக முன்வந்து பேசுவதாகச் சொன்னதே பெரிய தியாகம். ஆனால் அடுத்தவர் மூலம் கேட்டால் பரிமளம் நிறுத்துவாள் என்பது சுகுணாவுக்குத் தெரியும். நிறுத்திவிட்டு, இதற்குக்கூட ஆள் அனுப்பினாள் என்று இன்னொரு பத்து வருஷத்துக்கு எடுத்து வைத்துக்கொள்வாள். வேண்டாம் என்றாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தார் ரோடு இளகும் வெயில். தெருவில் ஆளில்லை. சுகுணா கதவைச் சாத்தி, தண்ணீர்ச் செம்பைப் பக்கத்தில் வைத்து, மைக்கைத் திறந்து, வழக்கம்போல அக்கா பக்கத்துச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"அக்கா, இன்னைக்கு வெயில் சாஸ்தி," என்றாள். "அக்கா, சாப்டியா."

உறுமல் ஒரே சீராக இருந்தது. அடுத்தது முழங்கால் வலி. அவள் வாயைத் திறந்தாள், வேறு வந்தது.

"அக்கா, அந்த ஃபேனை ஒரு மணி நேரம் நிறுத்துறியா. எனக்கு ஒண்ணு படிக்கோணும்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "நீயாக் கேட்டாச் சொல்லலாம்னு இருந்தேன், நீ கேக்கவே இல்லை. அன்னைக்கு உன்ற பேரை நான் மறக்கலை. நர்ஸு வந்துட்டுப் போறவ, அதனால நன்றி சொன்னேன். உனக்கு நான் என்னன்னு சொல்றது? எனக்கு நானே நன்றி சொல்லிக்கற மாதிரி இருந்துச்சு. அது உனக்கு அப்படிக் கேட்டிருக்காதுன்னு அப்புறந்தான் தெரிஞ்சுது. தெரிஞ்சும் இத்தனை நாளா உக்காந்திருக்கேன்."

சொல்லி முடித்துவிட்டுச் சுவரைப் பார்த்தாள். நேரே பார்த்தாள், மேலே பார்த்தாள், திரும்பி மற்ற மூன்று சுவர்களையும் பார்த்தாள். எங்கும் ஒரு புது முட்டையும் இல்லை. அவளுக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. டிரைவருக்குக் காய்த்தது, துபாய்க்காரன் அம்மாவுக்குக் காய்த்தது, உப்புக்குக் காய்த்தது, தனக்குக் காய்க்கவில்லை என்றால் திலகா சொன்னது சரிதான், உள்ளே ஒன்றும் இல்லை. மைக்கை அணைக்கக் கையை நீட்டினாள்.

அப்போது உறுமல் இறங்கியது. முதலில் சுதி குறைந்தது, பிறகு ஒவ்வொரு இறக்கையும் தனித்தனியாகச் சுற்றுவது கேட்டது, பிறகு கடைசி இறக்கை ஒரு முறை கிறீச்சிட்டு நின்றது. அந்த அறையின் உண்மையான அமைதியைச் சுகுணா அன்றுதான் முதலில் கேட்டாள். அதற்குள்ளிருந்து, செங்கல்லையும் ரப்பரையும் பலகையையும் கடந்து, ஒரு குரல் வந்தது.

"ஏ சுகுணா! இதென்னடி இந்தத் தண்டி? அட்டை அடுக்கே சரிஞ்சு போச்சு!"

சுகுணா நாற்காலியை விட்டு எழுந்து, பொய்ச்சுவரில் காதை வைத்தாள்.

"என்னக்கா?"

"என்னக்காவா? வெறும் அட்டை அடுக்கி வெச்சா தெனம் ரெண்டு மூணு முட்டை கெடக்கு. இந்தச் சித்திரையில இருந்து. பசங்களைத் திட்டுனேன், சரக்கை ஒழுங்கா எண்ணிப் போடத் தெரியலைன்னு. எலி கொண்டாந்து வெக்குதோன்னுகூட நெனச்சேன். உன்ற சுவத்துலதான் காய்க்குதுன்னு இருந்தேன், எல்லாம் நீயா?"

"மைக் டெஸ்ட்டுக்கா."

"டெஸ்ட்டாம்." அந்தப்பக்கம் சரிந்த அட்டைகளை எடுத்து அடுக்கும் சத்தம் கேட்டது. "அப்ப நான் சரக்குப் பிரிக்கறப்ப உன்னைப் பேசிப் பொலம்பறது?"

"இங்க வருது."

"என்ன பண்ணுன?"

"தின்னுட்டேன்."

"நானும் கூட்டத்தோட வித்துப்புட்டேனே, பாவி," என்றாள் பரிமளம். "இதை விக்க மாட்டேன், பயப்படாத. இது எந்தச் சட்டிக்கும் அடங்காது போல. சுவத்தோரம் நின்னதுல நீ சொன்னதும் காதுல விழுந்துச்சு. சரி, படி. ஒரு மணி நேரந்தான், ஆமா. அதுக்கு மேல போனா இங்க எல்லாம் வெந்துரும்."

சுகுணா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு படித்தாள். முதல் வாக்கியமே ஒரு பக்கத்தைத் தாண்டிப் போனது. ஓர் ஆற்றின் பெயர் வந்தது, அதன் கரையிலிருந்த ஊர்களின் பெயர் வந்தது, அந்த ஊர்களை விட்டுப் போனவர்களின் பெயரெல்லாம் வந்தது, அவள் எதிலும் தடுக்கி விழவில்லை. நடுவில் ஓரிடத்தில் தொண்டை வறண்டது. நிறுத்தி, செம்பை எடுத்து இரண்டு மடக்குக் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள். முடித்து ஹெட்ஃபோனைக் கழற்றியபோது ஃபேன் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது. நாற்காலிக்கு நேரே அட்டைக் குழியில், சின்னதாக, சூடு ஆறாமல் ஒரு முட்டை இருந்தது.

சாயங்காலம் ஜெரோம் கூப்பிட்டார்.

"மேடம், எல்லாருக்கும் பிடிச்சிருச்சு. புத்தகம் உங்களுக்குத்தான், திங்கக்கிழமை ஆரம்பிச்சிடலாம். ஒரே ஒரு சின்ன விஷயம். நடுவுல ஒரு இடத்துல, ரொம்ப தூரத்துல, 'தொண்டை கட்டுது பாரு, கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டுப் படிடி'ன்னு ஒரு பொம்பளைக் குரல். அடுத்த நொடியே நீங்க குடிக்கற சத்தம். அதை வெட்டிடலாங்களா?"

சுகுணா சுவரைப் பார்த்தாள். அந்தப்பக்கம் லாரி வந்து நின்று, யாரோ அட்டைகளைக் கவனமாக எடுக்கச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

"வெட்டிருங்க," என்றாள். "வெட்டுனதை எனக்கு அனுப்பி வெச்சிருங்க."